மூன்று நிமிட லேப்டாப்பும் ஒரு சம்பந்தப் பேச்சும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்... அன்னூரில் என் மச்சான் வீட்டு ஹாலில், வீட்டார் அத்தனை பேரும் மூச்சு விட மறந்து ஒரு லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் படம் ஏதும் இல்லை. கறுப்பு. வெறும் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்திருந்தது. அந்தக் குரல் சொன்ன ஒரே ஒரு வரியில் என் மச்சானின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்து காலுக்குப் போய்விட்டது.

காரணம் நான். சரியாகச் சொன்னால், என் ஆபீஸ் லேப்டாப். இன்னும் சரியாகச் சொன்னால்...

இருங்கள். முதலிலிருந்தே வருகிறேன்.

வாராவாரம் என்னைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எழுதுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். என் கையெழுத்து இருந்தால்தான் இரும்பு வார்ப்பு லாரி கேட்டுக்குள் நுழையும். செம்புக் கம்பி, பேரிங், அட்டைப் பெட்டி - எதுவாக இருந்தாலும் நான் தலையாட்ட வேண்டும். அப்படிப்பட்ட அதிகாரம் படைத்த எனக்கு, கம்பெனி ஒரு புது லேப்டாப் கொடுத்தது. அழகான லேப்டாப். ஒரே ஒரு குறை. மூன்று நிமிடம் தொடாமல் இருந்தால் தூங்கிவிடும்.

போனில் ஒரு சப்ளையரிடம் விலை பேசிக்கொண்டே கொட்டேஷனைப் பார்ப்பேன். அவர் குடும்ப நலம் விசாரித்து முடிப்பதற்குள் திரை இருட்டிவிடும். பாஸ்வேர்டு அடிப்பேன். அதற்குள் அவர் பழைய விலையை மறந்து புது விலை சொல்வார்.

சரி, நாமே மாற்றிவிடலாம் என்று பவர் செட்டிங்ஸுக்குள் போனேன். எல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. அமுக்கினால் அசையவில்லை. மேலே சிறு எழுத்தில் ஓர் அறிவிப்பு: ‘இவற்றில் சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.’ இந்த வயதில் ஒரு இயந்திரம் என்னைப் பார்த்து ‘பெரியவங்ககிட்டக் கேட்டுட்டு வா’ என்கிறது!

எங்கள் ஐ.டி. பிரிவில் தினேஷ் என்று ஒரு தம்பி. நல்ல பையன். எதைக் கேட்டாலும் ‘முடியாது’ என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்வான்.

“சார், அது பாலிசிங்க சார்.”

“பாலிசின்னா?”

“மேல இருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டு உட்டிருக்காங்க. யூசரால மாத்த முடியாதுங்க. அட்மின் ரைட்ஸ் வேணுமுங்க.”

“சரி, அத எனக்குக் குடு.”

“குடுக்கறதுக்கு அது எங்கிட்டயே இல்லீங்க சார்.”

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. யாரோ ஒருவர் லேப்டாப்பைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாராம். வெளியாள் ஒருவர் எங்கள் விலைப்பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டாராம். அன்று அவர் குடித்த டீக்கு இன்றுவரை நாங்கள் எல்லோரும் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

யூடியூபில் வழி கேட்டேன். உலகத்தில் என்னைப் போல உரிமையில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் போல... எத்தனை வீடியோ! கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்தால், நொடி முள் ஓட ஓட மவுஸ் அசைவதாக லேப்டாப் நம்பிவிடுமாம். வைத்துப் பார்த்தேன். என் கடிகாரத்து முள் ரொம்ப ஒல்லி, லேப்டாப் நம்பவில்லை. ஏதாவது ஒரு கீயின் மேல் பாரம் வைத்தாலும் தூங்காதாம். ஸ்பேஸ் பார் மீது சில்வர் டம்ளரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், திறந்திருந்த ஒரு பர்ச்சேஸ் ஆர்டரில் சப்ளையர் பெயருக்கும் ஊருக்கும் நடுவே பல பக்கம் வெற்றிடம்.

இந்த நிலையில்தான் மச்சானிடமிருந்து போன் வந்தது.

மச்சான் பழனிச்சாமி என் மனைவி சுமதியின் அண்ணன். அன்னூரில் வாழையும் தென்னையும் வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே மகள் மித்ரா, கால்நடை டாக்டர். நடு ராத்திரியில் மாடு கன்று போட முடியாமல் தவித்தாலும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளுக்குத்தான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. காரணம், மித்ரா எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்: ‘கல்யாணத்துக்கு அப்புறம் நான் டாக்டரா இருக்கலாமா?’ அதற்கு நேரான பதில் யாரிடமிருந்தும் வரவில்லை.

இப்போது பெருந்துறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பையன் பெயர் கோகுல், ஜெர்மனியில் இன்ஜினியர். அம்மா அப்பாவும் அவனோடு சில மாதம் இருக்கப் போயிருக்கிறார்கள். நல்ல நாள் தப்பிவிடக் கூடாது என்பதற்காக, முதல் பேச்சை வீடியோ காலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

“போன்ல பாத்தா மூஞ்சி பட்டாணி சைஸ்ல தெரியுது. மித்ராவோட லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருக்குது” என்றார் மச்சான்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி போனை வாங்கிவிட்டாள். “அதுக்கென்னுங்கண்ணா... எங்க ஊட்டுக்காரருக்கு ஆபீஸ்ல புதுசு குடுத்திருக்காங்க. கொண்டாந்து வெச்சுருவாரு. நீங்க ரோசனையே பண்ணாதீங்க.”

ரோசனை பண்ண வேண்டியவன் நான் ஆனேன்.

வெள்ளிக்கிழமை தினேஷைப் பிடித்தேன். ஒரு நாளைக்கு மட்டும், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இந்தத் தூக்கத்தை நிறுத்து என்று கெஞ்சினேன்.

“பண்ணலாமுங்க சார். ஒரு டிக்கெட் போடுங்க, சிஸ்டத்துல எழுதிக் கேக்கற மனு மாதிரிங்க. உங்க ஹெச்.ஓ.டி. அப்ரூவ் பண்ணோணும்.”

“ஹெச்.ஓ.டி. நான்தானப்பா!”

“அதானுங்க சார் பிரச்சனை. உங்களுக்கு நீங்களே அப்ரூவ் பண்ண சிஸ்டம் உடாதுங்க. அப்ப எம்.டி.க்குத்தான் போகும். அதுல பிசினஸ் காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க, அது காலியா இருந்தா சிஸ்டம் வாங்காது.”

பிசினஸ் காரணம்! என்ன எழுதுவது? ‘மச்சான் மகளுக்கு வரன் பார்க்க’ என்று எம்.டி.க்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

“வேற வழியே இல்லியா?”

“யாராச்சும் மவுஸை ஆட்டிக்கிட்டே இருந்தாப் போதுமுங்க சார். அப்புறம் சார், இன்னொரு விசயமுங்க... அது வந்து நெசமா தூங்கறது...”

சப்ளையர் லைனில் வந்ததால் நான் தினேஷின் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டேன். அந்தப் பாதி வாக்கியத்தை முழுசாகக் கேட்டிருந்தால் இந்தப் பத்திக்கு வேலையே இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை. மச்சான் வீடு கழுவித் துடைத்துப் பளபளத்தது. வாசலில் கோலம். ஜெர்மனியில் இருப்பவர்கள் கோலத்தைத் தாண்டியா வரப்போகிறார்கள் என்று கேட்டேன். சுமதி என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஹால் நடுவே டீப்பாய் மேல் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் பட்டுத் துண்டு, அதன் மேல் என் லேப்டாப். அட்மின் விடாமல் அதில் எதையும் மாற்ற முடியாது என்று வைக்கும்போதே மித்ராவிடம் புலம்பினேன். மச்சானின் மனைவி வசந்தா, ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் தட்டு வைத்துப் பழகிய கை, ஒரு தட்டு நிறைய ஒப்புட்டும் (எங்கள் ஊர்ப் போளி) முறுக்கும் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

“யாருக்கும்மா இது?” என்றேன்.

“ஒண்ணும் வெக்காம இருந்தா நல்லா இருக்குங்களாண்ணா? பாக்கட்டும்.”

என் ஏற்பாடு எளிது. வயர்லெஸ் மவுஸ். நான் ஓரமாக உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் மவுஸை வைத்துத் தொடையின் மேல் ஆட்டிக்கொண்டே இருப்பேன். யாருக்கும் தெரியாது. லேப்டாப்பும் தூங்காது.

கால் வந்தது. திரையில் ஒரு சோபா. நடுவில் கோகுல், இரு பக்கமும் அம்மா, அப்பா. பையனுக்குச் சாந்தமான முகம். ‘வணக்கமுங்க’ என்று அவன் கைகூப்புவதற்குள் அவன் அம்மா எல்லோருக்கும் சேர்த்து வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, அங்கே குளிர் எப்படி என்பதுவரை வந்துவிட்டார். சிரித்த முகம். நல்ல மனுஷி என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பேச்சு, பிரேக் இல்லாத டவுன் பஸ்.

“பையன் எத்தன மணிக்கு வேலைக்குப் போறாருங்க?” - இது மச்சான்.

கோகுல் வாயைத் திறந்தான். “எட்டு மணிக்குப் போயிருவானுங்க” என்றார் அம்மா.

“அங்க சாப்பாடெல்லாம்...?”

கோகுல் மறுபடி வாயைத் திறந்தான். “அவனே சமைச்சுக்குவானுங்க. ரசம் நல்லா வெப்பான்” என்றார் அம்மா.

இடையிடையே அப்பா. அவருக்கு ஜெர்மனியில் ஒரே ஒரு விஷயம்தான் பிடித்திருந்தது - குப்பைத்தொட்டி. “இங்க பாருங்க, காயிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி. மாத்திப் போட்டீங்கன்னா பக்கத்து ஊட்டுக்காரன் வந்து கேப்பானுங்க!” என்று பரவசமாக விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து போய் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் துண்டுக்கடியில் கடமையே கண்ணாக மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பையனின் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏனுங்கக்கா... தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஓரத்துல உக்காந்திருக்கற அண்ணனுக்குக் கை ஏனுங்க அப்படி நடுங்குது?”

ஹாலே என் பக்கம் திரும்பியது.

“நம்ம சொந்தத்துல நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காருங்க. வேணுமின்னா சொல்லுங்க. உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்த மாதிரி...?”

போச்சு! பெண்ணின் குடும்பத்தில் பரம்பரை நடுக்கம்! மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வாழைத் தோட்டமே கருகியிருக்கும்.

சுமதி முந்திக்கொண்டாள். “அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இவருக்கு... வெரல்ல தாளம் போடற பழக்கமுங்க. பாட்டுன்னா உசுரு.” பிறகு சிரித்த முகத்தோடு, உதடு அசையாமல், என் காதில் மட்டும்: “கைய எடுங்க மொதல்ல.”

எடுத்தேன். மவுஸைத் துண்டோடு கீழே வைத்துவிட்டேன். ரெண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் யதார்த்தமாகத் தொட்டுவிட்டு வரலாம் என்பது என் திட்டம்.

ஆனால் அப்போதுதான் மித்ரா பேசினாள்.

அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து நேராகக் கோகுலைப் பார்த்தாள். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமுங்களா? நான் மாட்டு டாக்டர். எனக்கு இந்த வேலை ரொம்பப் புடிக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் அங்கயும் இதே வேலை பாக்கோணும்னு ஆசை. அது முடியுமுங்களா?”

எனக்கு மவுஸ் மறந்துவிட்டது. லேப்டாப் மறந்துவிட்டது. ஹாலில் எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம்.

கோகுல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தான்...

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு!” என்றார் அம்மா. “மொதல்ல நீ வந்து ஊட்டப் பாரு, ஊரப் பாரு. வேலை எங்க ஓடிப்போகுது?”

கோகுல் வாயை மூடிக்கொண்டான். அங்கேயும் மௌனம், இங்கேயும் மௌனம். அந்த மௌனம் நீண்டு... நீண்டு...

திரை இருட்டிவிட்டது.

“கட் ஆயிருச்சுங்களா மாப்ள?” என்றார் மச்சான்.

“ஆயிருச்சுங்க மச்சான்” என்றேன் நான். ஐ.டி. அனுபவசாலியின் தொனியில். இந்த ஒரு வார்த்தைக்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

அவ்வளவுதான். ஹாலில் அணை உடைந்தது.

“பையன் தங்கமாத்தான் தெரியறான்” என்றார் மச்சான். “மண்டை மேலதான் வெள்ளாமை கொஞ்சம் கம்மியா இருக்குது.”

“பையனுக்கு வாய் இருக்குதா, இல்ல போட்டோவக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்களா?” - இது வசந்தா. “எதக் கேட்டாலும் அந்தக்காவே பதில் சொல்லிப்போடறாங்களே!”

நானும் சும்மா இருந்தேனா? என் பங்குக்கு ஓர் ஒப்புட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, “அவங்கப்பா பொண்ணு பாக்க வந்தாரா, குப்பைத்தொட்டி விக்க வந்தாரா மச்சான்?” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். மித்ரா மட்டும் சிரிக்கவில்லை. “எனக்கு அவரைப் புடிச்சுத்தானுங்க மாமா இருக்குது” என்றாள் மெதுவாக. “கண்ணைப் பாத்தா ஏதோ சொல்ல வாராருன்னு தெரியுது. ஆனா உங்க லேப்டாப் மாதிரியேங்க மாமா... எதத் தொட்டாலும் அட்மின் பர்மிஷன் வேணும்ங்குது.”

ஆஹா! என்ன உவமை! நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். மச்சான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கறுப்புத் திரையிலிருந்து ஒரு செருமல். “ம்க்கும்.”

பிறகு, மிகுந்த மரியாதையோடு, பையனின் அப்பாவுடைய குரல்:

“ஏனுங்க... நாங்க லைன்லதானுங்க இருக்கோம்.”

சிரிப்பு அப்படியே அந்தரத்தில் நின்றது. என் வாயில் இருந்த ஒப்புட்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதற்கு மேல் இன்னொரு வரியும் வந்தது: “நீங்க எல்லாரும் நல்லாத் தெரியவும் தெரியறீங்க.”

முதலில் சுதாரித்தவள் வசந்தா. சுதாரித்தாளா என்றும் சொல்ல முடியாது. பழக்க தோஷம். தட்டைத் தூக்கி, இருட்டுத் திரைக்கு முன்னால் நீட்டி, “வாங்க, வாங்க... ஒப்புட்டு எடுத்துக்குங்க” என்றாள்.

மச்சான் பாய்ந்து வந்து, பாம்பைக் கூடை போட்டு அமுக்குவதுபோல, லேப்டாப்பை டப்பென்று மூடினார். இந்தத் தடவை நிஜமாகவே கட் ஆனது.

“அட கெரகமே!” என்றார்.

பிறகு சுமதி என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க... நீங்கதானுங்களே கட் ஆயிருச்சுன்னு சொன்னீங்க?”

எங்கள் ஊரில் கோபம்கூட ‘ங்க’ போட்டுக்கொண்டுதான் வரும். அதனால் சூடு குறைவு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வந்து வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. விரல் நடுங்கியது. இப்போது நிஜ நடுக்கம். தப்பாக அடித்தேன். மறுபடி தப்பு. மறுபடி... ‘உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது. நிர்வாகியை அணுகவும்.’

மச்சான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “யாரு மாப்ள அந்த நிர்வாகி?”

“அட்மினுங்க மச்சான்.”

“எந்த ஊருக்காரரு? நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க. ஒரு தார் வாழப்பழம் எடுத்துக்கிட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தர்லாமா?”

தினேஷுக்குப் போன் போட்டேன். அவன் கருமத்தம்பட்டியில் ஏதோ கல்யாணப் பந்தியில் இருந்தான். பின்னணியில் நாதஸ்வரம். “சார், சாம்பார் ஊத்திட்டாங்க சார். மோர் வந்தொடன கூப்புடறேனுங்க” என்று வைத்துவிட்டான்.

வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்துவிட்டேன். ஆனால் அப்போது ஹாலில் யாருக்கும் வேடிக்கையாக இல்லை. வசந்தா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது இடம். அதுவும் பெண்ணே ‘புடிச்சிருக்கு’ என்று வாய்விட்டுச் சொன்ன முதல் இடம். “போனாப் போகட்டுமுங்கம்மா” என்றாள் மித்ரா. சொல்லிவிட்டு, சாய்ந்துபோகாத பூங்கொத்தை ஜாடியில் நேராக்கினாள். திரும்ப நேராக்கினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில் மித்ராவின் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

“அவர்தானுங்கப்பா” என்றாள்.

“ஸ்பீக்கர்ல போடு கண்ணு!” என்றார் மச்சான்.

“அப்பா... இன்னிக்கு ஸ்பீக்கர் போதுமுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஆமாம், எல்லோரும்தான் பார்த்தோம். எங்களை என்ன நினைத்தீர்கள்? முதலில் அவள் நின்ற இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நடந்தாள். பிறகு ஒரு மரத்தில் சாய்ந்தாள். அப்புறம் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்ததும் மச்சான் தட்டில் மிச்சமிருந்த ஒப்புட்டை எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வந்தாள்.

“என்ன அம்மணி சொன்னாரு?” என்றேன்.

“நான் சொன்னது நெசந்தானாமுங்க மாமா. சின்ன வயசுல இருந்தே அவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள அவங்கம்மா பதில் சொல்லிருவாங்களாம். பழகிருச்சாம். ஆனா நான் கேட்ட கேள்விக்குப் பதில் அவரு முன்னாடியே விசாரிச்சு வெச்சிருந்தாராமுங்க. அங்க ஒரு மாட்டு டாக்டரைப் போய்ப் பாத்திருக்காரு. மொதல்ல அந்த பாஷை படிக்கோணும், அப்புறம் பரீட்சை எழுதோணும்... வருசக்கணக்குல ஆகுமாம். ‘கஷ்டந்தான், ஆனா முடியும், கூட இருந்து பண்ணலாம்’னு சொல்ல வந்தாராம். அதுக்குள்ள அம்மா முந்திக்கிட்டாங்க.”

“அப்ப, அவங்கம்மா சொல்லித்தான் இப்பப் போன் பண்ணினாரா?” - மச்சானின் சந்தேகம்.

“இல்லீங்கப்பா. பால்கனியில நின்னு பேசிக்கிட்டிருந்தாரு. நடுவால அம்மா வந்து ‘யாருகிட்டடா பேசறே?’ன்னாங்க. ‘அப்புறம் சொல்றேம்மா’ன்னு கதவைச் சாத்திட்டாருங்க. எனக்கே கேட்டுது.”

ஹாலில் ஒரு சின்ன நிம்மதிப் பெருமூச்சு ஓடியது. ஒரு கதவு சாத்தப்பட்டதற்காக ஒரு குடும்பமே இப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

“ஆனா ஒரு பிரச்சனைங்க மாமா. அவருக்கு மாட்டைப் பாத்தாப் பயமாம்.”

“நீ என்ன சொன்னே?”

“மாட்டுக்கும் உங்களப் பாத்தா அப்படித்தானுங்க இருக்கும்னு சொன்னேன்.”

அடுத்த நாள் காலையில் பையனின் அம்மாவே வசந்தாவுக்குப் போன் செய்தார். அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம். யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொன்னது இதுதான்: “உங்க பொண்ணு சொன்னதுல தப்பே இல்லீங்கக்கா. என்னோட வாய் எனக்கே தெரியாம முன்னால ஓடிருது. நேத்து நீங்க பேச ஆரம்பிச்சப்பவே இவரு ‘லைன்ல இருக்கோம்னு சொல்லிரலாம்’னாருங்க. நான்தான் ‘சும்மா இருங்க, கேக்கலாம்’னு கையைப் புடிச்சுக்கிட்டேன். கேட்டதும் நல்லதுக்குத்தான்.” அப்புறம் சிரித்துக்கொண்டே, “இவருதான் ராத்திரி பூரா குப்பைத்தொட்டியப் பத்திப் பேசவே இல்லீங்க” என்றாராம்.

எனக்குப் பாதி நிம்மதி, பாதி வெட்கம்.

திங்கட்கிழமை ஆபீஸில் தினேஷ் என் கணக்கைத் திறந்துவிட்டான். கதையை முழுக்கக் கேட்டான். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே... கன்னம் இரண்டும் பலூன் மாதிரி.

“சார், இதைத்தானுங்க வெள்ளிக்கிழமை சொல்ல வந்தேன். அது தூங்கறதே இல்லீங்க. ஸ்க்ரீன் மட்டும் லாக் ஆகி இருட்டாகும். உள்ள மைக்கு, கேமரா எல்லாம் ஓடிட்டேதானுங்க இருக்கும்.”

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிறவன்போல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். அப்படி நடிப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்நாயம் பேசக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கே டிக்கெட் போட்டேன். பிசினஸ் காரணம் என்ற கட்டத்தில் இந்தத் தடவை உண்மையை எழுதினேன்: ‘இந்த லேப்டாப் மூன்று நிமிடத்தில் இருட்டியதால் என் மச்சான் மகளின் சம்பந்தம் நேற்று முறிந்துபோகப் பார்த்தது.’ வேலை போனாலும் போகட்டும் என்று அனுப்பினேன். மத்தியானமே எம்.டி.யின் அப்ரூவல் வந்துவிட்டது. கீழே ஒரு வரி குறிப்பு: ‘பையன் எந்த ஊர்? யார் வீடு?’

இப்போது என் லேப்டாப் அரை மணி நேரம் விழித்திருக்கிறது. அதற்கு மேல் அதற்கும் அனுமதி இல்லையாம்.

எனக்கு அவ்வப்போது ஒரு யோசனை வரும். அன்றைக்கு லைன் நிஜமாகவே கட் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபடி கூப்பிட்டிருப்போம். ‘நெட்டு சரியில்லீங்க’ என்றிருப்போம். இன்னும் கொஞ்சம் குளிரைப் பற்றியும் ரசத்தைப் பற்றியும் பேசியிருப்போம். அவரவர் மனதில் இருந்ததை அவரவரே வைத்துக்கொண்டு, நமக்கே உரிய மரியாதையோடு, ‘கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க’ என்று முடித்திருப்போம். அப்படி முடித்த பேச்சு எத்தனை வீட்டில் மறுபடி தொடங்கியிருக்கிறது? மரியாதை நல்லதுதான். அதை நான் குறை சொல்லமாட்டேன், சோறு போட்ட ஊர். ஆனால் இரண்டு குடும்பம் சேர வேண்டும் என்றால் நடுவில் எங்கேயாவது ஒரு தடவை நிஜம் வெளியே வந்துதான் ஆக வேண்டியிருக்கிறது. நம்மால் அது முடியாதபோது, இருட்டிய ஒரு திரை அதைச் செய்துவைக்கிறது.

போன வாரம் கோகுல் லீவு போட்டு வர, பெருந்துறைக் குடும்பம் நேரிலேயே அன்னூருக்கு வந்தது. கோகுல் எல்லாக் கேள்விக்கும் அவனே பதில் சொன்னான். கொஞ்சம் அதிகமாகவே சொன்னான், மச்சானுக்கு நடுவில் கொட்டாவி வந்துவிட்டது. அவன் அம்மா ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். அவர்கள் தொழுவம் பார்க்கப் போனபோது கோகுல் ஒரு கன்றுக்குட்டியின் நெற்றியை ஒரே ஒரு விரலால் தொட்டான். கன்று அவன் சட்டையை நக்கியது. தை மாதம் கல்யாணம்.

மித்ராவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ‘பேரெல்லாம் மாத்திப்போடுங்க மாமா’ என்று மட்டும் சொன்னாள். மாற்றிவிட்டேன்.

தேதி குறித்த அன்று மச்சான் உற்சாகமாக என் தோளில் கை போட்டார். “மாப்ள, கோகுலோட சிநேகிதங்க அங்கிருந்து வர முடியாதாமுங்க. முகூர்த்தத்த அவங்க நேராப் பாக்கற மாதிரி பண்ணிரலாமுங்களா? உங்க லேப்டாப்பக் கொண்டாந்து...”

சுமதி அவரை முடிக்கவே விடவில்லை.

“அண்ணா, அவரு பந்தியில எலை போடட்டுமுங்க.”

போடுகிறேன். நல்லவேளை, இலை போடுவதற்கு பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள்.